லோகுவின் பின்மண்டையில் மூவாயிரத்து ஐம்பத்தாறு

1

முதலில் ஒரு வாக்குமூலம். இந்தக் கதை ஒரு படிவத்திலிருந்து பிறந்தது. கதைகள் கண்ணீரிலிருந்தும் காதலிலிருந்தும்தான் பிறக்கும் என்று சொல்பவர்கள் முப்பத்து நான்கு வருடம் தர ஆய்வுப் பிரிவில் குப்பை கொட்டியிருக்க மாட்டார்கள். நான் கொட்டினேன். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு போல்ட் கம்பெனி. போல்ட்டின் விட்டம் மயிரிழை கூடினாலும் சிவப்புப் பெயின்ட் வைத்து ஓரமாகத் தள்ளுவது என் உத்தியோகம். ஓய்வுபெற்ற அன்று மாலை மைக்ரோமீட்டரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஒரு சபதம் எடுத்தேன். இனி சாகும்வரை எந்த எண்ணையும் உள்ளபடி சொல்வதில்லை.

சபதத்தைக் காப்பாற்றிவருகிறேன், மணவாள நகரே சாட்சி. எங்கள் தெருவில் தேங்கிய மழைத்தண்ணீரில் முதலை பார்த்தவன் நான். என் பிரிவுபசார விழாவுக்கு எட்டாயிரம் பேர் வந்தார்கள்.

(என் மனைவி செண்பகம் இந்தக் கைப்பிரதியைப் படித்துக்கொண்டே வருகிறாள். 'எட்டு பேரு. அதுல ரெண்டு பேரு கேன்டீன்காரங்க' என்று ஓரத்தில் பென்சிலால் எழுதியிருக்கிறாள். அந்தப் பென்சில் இனியும் வரும். பொறுத்துக்கொள்ளுங்கள், நானே பொறுத்துக்கொள்கிறேன்.)

படிவத்துக்கு வருகிறேன். அதன் கடைசி வரி: 'மதிப்பீட்டாளர் சரிபார்த்த எண்ணிக்கை.' பக்கத்தில் ஒரு காலிக் கோடு. அந்தக் கோட்டின்மேல் ஓர் எண்ணை எழுத வேண்டும். எண்களோடு இனி உறவில்லை என்று சபதம் எடுத்தவன் கையில், எண் கேட்கும் காகிதத்தைக் கொடுத்தார்கள். விதி என்பது இதுதான். விதிக்கு நகைச்சுவை உணர்வு அதிகம்.

2

இந்தக் கதைக்கு ஐந்நூறு தொடக்கங்கள் எழுதினேன். (மூணு. – செ.) அவற்றில் தேறியவை:

தொடக்கம் ஒன்று: 'திருவள்ளூரின் வானம் அன்று லோகுவின் உச்சந்தலையைப் போலத் துப்புரவாக, ஒரு மேகத்துணுக்குகூட இல்லாமல்...' நிறுத்திவிட்டேன். லோகு எங்கள் மேல்மாடியில் குடியிருக்கிறான். படித்தால் மேலிருந்து ஒரு வாளி தண்ணீர் வரும்.

தொடக்கம் இரண்டு: 'ஆதிமனிதன் முதன்முதலாகத் தலையைத் தடவிப் பார்த்துத் திடுக்கிட்ட அந்த நாள்தொட்டு, மானுடம் முடிக்காக...' இது பள்ளிக் கட்டுரைப் போட்டிக்கு ஆகும். ஆறுதல் பரிசு நிச்சயம்.

தொடக்கம் மூன்று: 'டாக்டர் ஜெரால்டுக்கு ஒரு மெஷின் வந்தது.' இது நிற்கும். இதையே வைத்துக்கொள்வோம்.

டாக்டர் ஜெரால்டுக்கு ஒரு மெஷின் வந்தது. திருவள்ளூர் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில், பிரியாணிக் கடைக்கு மேல்மாடியில், அவருடைய முடி நடும் கிளினிக். கீழே பிரியாணிக்குத் தம் போட்டால் மேலே மயக்க ஊசியே வேண்டாம் என்று ஊரில் பேச்சு. (ஊர்ல இல்ல, உன் வாயில. – செ.)

முடி நடுவது என்றால் பெரிய மாயமில்லை. பெரும்பாலானோருக்குப் பின்மண்டையில் முடி கடைசிவரை தங்கும். அங்கிருந்து வேரோடு ஒவ்வொன்றாக எடுத்து, முன்னால் நட வேண்டும். நாற்றங்காலில் பிடுங்கி வயலில் நடுவதுபோல. ஆனால் இந்த நாற்றங்காலுக்கு ஆயுளில் ஒரே போகம். பிடுங்கிய இடத்தில் மறுபடி முளைக்காது. ஆகவே எத்தனை இருக்கிறது, எத்தனை எடுக்கலாம் என்று எண்ணுவதுதான் இந்தத் தொழிலின் உயிர். அதுவரை அந்த எண்ணிக்கையை உதவியாளர் ஏஞ்சல் செய்துவந்தாள். பின்மண்டையில் பேனாவால் சென்டிமீட்டர் கட்டங்கள் போடுவாள், பூதக்கண்ணாடி வைப்பாள், கையிலுள்ள எண்ணும் கருவியின் குமிழை அமுக்கி அமுக்கி எண்ணுவாள்.

வந்த மெஷினில் ஒரு கேமராவும் ஓர் இரும்புக் கையும் இருந்தன. கேமரா எண்ணி வரைபடம் போடும். கை அந்த வரைபடத்தைப் பார்த்து எடுக்கும். இரண்டு வாரம் வைத்துப் பாருங்கள், பிடித்தால் வாங்குங்கள் என்று கம்பெனி அனுப்பியிருந்தது. கூடவே விற்பனை அதிகாரி இம்மானுவேலையும் அனுப்பியிருந்தது. கழுத்துப்பட்டை கட்டிய, நல்ல அடர்ந்த முடியுள்ள இளைஞர். முடியில்லாதவனை இந்த வேலைக்கு எடுக்க மாட்டார்கள்போல.

மதிப்பீடு செய்ய வெளியாள் ஒருவர் வேண்டும் என்பது படிவத்தின் விதி. அளப்பதில் பழகியவர் என்று டாக்டர் என்னைக் கூப்பிட்டார். நான் ஜெர்மனியில் இதுபோல நாற்பது மெஷின்களுக்குச் சான்றிதழ் கொடுத்திருப்பதாகச் சொன்னேன். (அரக்கோணம் தாண்டினதில்ல. – செ.)

3

இப்போது லோகு. இந்தப் பாத்திரத்தின்மேல் எனக்கே சந்தேகம் இருக்கிறது. இவ்வளவு அப்பாவியைக் கதையில் வைத்தால் வாசகர் நம்புவாரா? ஆனால் அவன் மேல்மாடியில் இருக்கிறானே, நான் என்ன செய்ய.

என்னோடு கம்பெனி பஸ்ஸில் பெரியபாளையம் வழியாக முப்பது வருடம் தூங்கிக்கொண்டு போன துளசிராமனின் மகன். அப்பன் போய்விட்டான், மகன் என்னைப் பெரிப்பா என்கிறான். இருபத்தொன்பது வயது. கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்புக் கம்பி உருட்டும் மில்லில் வேலை. வாரம் இரண்டு முறை லாரியோடு தேர்வாய் கண்டிகைக்குப் போய் ஒரு தொழிற்சாலையில் சரக்கு இறக்குவான். அங்கே ஸ்டோர்ஸில் சரக்கைச் சரிபார்த்து வாங்குகிறவள் நர்மதா, பள்ளிப்பட்டுக்காரி.

அந்த வாசலில் தரையில் ஒரு மஞ்சள் கோடு போட்டிருக்கிறார்கள். கோட்டைத் தாண்டினால் தலையில் ஹெல்மெட் கட்டாயம். ஒரு வருடக் காதல் முழுக்க அந்தக் கோட்டுக்கு உள்ளேதான் நடந்தது. உலகக் காதல் வரலாற்றில் நாயகன் ஒருமுறைகூடத் தொப்பியைக் கழற்றாத காதல் இது ஒன்றுதான். (இதை மட்டும் செண்பகம் அடிக்கவில்லை.) வீடியோ காலில் மோவாய்க்குக் கீழே கேமராவை வைத்துப் பேசுவானாம். வாட்ஸ்அப்பில் இருப்பது பத்தொன்பது வயதுப் படம். அதில் தலையில் ஒரு காடே இருக்கிறது. தை மாதம் அம்மாவைக் கூட்டிக்கொண்டு பள்ளிப்பட்டுக்குப் பெண் கேட்டுப் போக வேண்டும். பெண் வீட்டின் கூடத்தில் ஹெல்மெட்டோடு உட்கார முடியாது.

அவனைக் கிளினிக்குக்கு இழுத்துவந்தவன் நான்தான். மெஷின் உன் பின்மண்டையில் ஐயாயிரம் எடுக்கும், தைக்குள் முன்னால் வேலியே போட்டுவிடலாம் என்று மாடிப்படியில் நின்று சொன்னேன். சோதனைத் தலையாக ஒத்துக்கொண்டால் சிகிச்சை இலவசம். முடி நடுவதற்கு முன்னும் பின்னும் எடுத்த படத்தைப் பேருந்து நிலையத்தில் பெரிய பலகையாக வைத்துக்கொள்வார்கள். அதற்கும் சம்மதித்தான். நர்மதா அந்தப் பலகையைப் பார்க்க மாட்டாளா என்று அவன் யோசிக்கவில்லை. நானும் யோசிக்கவில்லை. ஐயாயிரம் என்ற எண் எங்கள் இருவரின் கண்ணையும் மறைத்தது.

* ஓர் அடிக்குறிப்பு, அடியில் இடமில்லாததால் இங்கேயே: சோதனைக்காக லோகுவின் தலையை ஒட்ட மழித்தார்கள். மில்லில் கேட்டவர்களிடம் திருத்தணி வேண்டுதல் என்று சொல்லிவிட்டான். உடனே கையெடுத்துக் கும்பிட்டார்கள். எங்கள் மாவட்டத்தில் மொட்டைக்கு உள்ள மரியாதை வழுக்கைக்குக் கிடையாது. இரண்டுக்கும் நடுவில் முருகன் மட்டும்தான் வித்தியாசம்.

4

போல்ட்டோ மண்டையோ, அளக்கும் கருவியைச் சோதிக்க ஒரே வழிதான். ஒரே பொருளைத் திரும்பத் திரும்ப அளக்கச் சொல்ல வேண்டும். ஒரே விடை வந்தால் கருவி யோக்கியம்.

ஞாயிற்றுக்கிழமை, வாராந்திர விடுமுறை. லோகு எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு வந்து உட்கார்ந்தான். மெஷின் அவனை மூன்று சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, எடுக்கத்தக்கது 1,640 என்றது. லோகுவின் முகம் சுருங்கியது. நான் அவன் தோளைத் தட்டி, மெஷின் புதுசு, கூச்சப்படுகிறது என்றேன்.

திங்கட்கிழமை ஷிப்ட் முடிந்து நேராக வந்தான். 3,056.

செவ்வாய், அதேபோல ஷிப்ட் முடிந்து. 2,710.

ஒரே மண்டை. நடுவில் ஒரே ஒரு பகல். தரக்கட்டுப்பாட்டில் இதற்குப் பெயர் குப்பைத்தொட்டி. ஆனால் இம்மானுவேல் கலங்கவில்லை. இது கற்றுக்கொள்ளும் மெஷின் சார், முதல் நாள் லோகுவின் தலையோடு அறிமுகம், இரண்டாம் நாள் புரிதல் என்று விளக்கினார். அப்படியானால் மூன்றாம் நாள் மனஸ்தாபமா என்று கேட்டேன். டாக்டர் இருமினார்.

உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அந்த மெஷின்மேல் பாசம் வந்துவிட்டது. கேட்பவர் மனம் குளிர எண்ணைக் கூட்டிச் சொல்லும் ஒரு ஜீவன். என் ஜாதி அது. லோகுவோ திங்கட்கிழமை எண்ணை மட்டும் கைப்பேசியில் எழுதிவைத்துக்கொண்டு, மாடிப்படியில் ஏறும்போதும் இறங்கும்போதும் மூவாயிரத்து ஐம்பத்தாறு, மூவாயிரத்து ஐம்பத்தாறு என்று மந்திரம்போல முணுமுணுத்தான்.

5

புதன்கிழமை பழைய கம்பெனியின் கூட்டுறவுச் சங்கத்தில் ஒரு வேலை. கும்மிடிப்பூண்டிக்கு வண்டியில் போனேன். லோகுவின் மில் வாசலில் அவனோடு நின்று டீ குடித்தேன். ஹெல்மெட் போடாமல் திரும்பினேன். (போலீசார் யாராவது படித்தால், இது புனைவு.) நேராகக் கிளினிக். ஏஞ்சல் இல்லாத நேரம் பார்த்து, விளையாட்டாக என் தலையை மெஷினுக்குள் நீட்டினேன். தொண்ணூற்றொன்றிலிருந்து ஒரு புல்கூட முளைக்காத தலை. காதுக்கு மேலே ஒரு மெல்லிய நினைவு மட்டும் பாக்கி.

எடுக்கத்தக்கது: 1,140.

அந்தக் கணத்தில் நான் அடைந்த ஆனந்தத்தை எழுதத் தமிழில் எழுத்துகள் போதாது. இருநூற்று நாற்பத்தேழும் போதாது. முப்பது வருடத்துக்குப் பிறகு ஒருவர் என் தலையைப் பார்த்து வளமான பூமி என்று சொல்கிறார். பிரியாணிக் கடையில் இரண்டு பொட்டலம் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன்.

செண்பகம் நான் சொன்னதை முழுதும் கேட்டாள். எழுந்து போய் ஈரத்துண்டை எடுத்துவந்தாள். என் பின்மண்டையில் வைத்து ஒரே இழுப்பு இழுத்து, துண்டை என் மூக்குக்கு நேராகப் பிடித்தாள். கறுப்பு.

"இன்னாது இது, தலையா புகைக்கூண்டா? மில்லுக் கரிய சொமந்துகினு வந்து முடின்னு சொல்ற. தொவைக்கிறது நானு."

துண்டைப் பார்த்தேன். மில்லில் இரும்பு பழுக்கக் காய்ந்து உருளும்போது மேல் ஏடு உரிந்து பொடியாகப் பறக்கும். மணல்போல, கறுப்பாக. வியர்த்த தலையில் விழுந்தால் மயிர்க்கால் துளைகளில் போய் உட்கார்ந்துகொள்ளும். கேமராவுக்கு அது மழித்த முடியின் முனை. எந்த ஊரிலோ ஏசி அறையில் தூசு படாத தலைகளைப் பார்த்துக் கற்றுக்கொண்ட மெஷினுக்குக் கும்மிடிப்பூண்டித் தலை தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை குளித்த தலை, 1,640. திங்கட்கிழமை ஷிப்ட் முடிந்த தலை, 3,056. நடுவில் உள்ள ஆயிரத்து நானூறும் கரி.

பிரியாணி தொண்டையில் இறங்கவில்லை. (ரெண்டு பொட்டலமும் இவரே சாப்ட்டாரு. – செ.)

6

வியாழன் காலை லோகு விடுப்பு எடுத்தான். ஏஞ்சல் அவன் தலைக்கு மூன்று முறை ஷாம்பூ போட்டாள். மூன்றாவது முறைதான் தண்ணீர் வெள்ளையாக வந்தது. பிறகு கட்டம் போட்டு, குமிழை அமுக்கி எண்ணினாள். இரண்டு மணிநேரம். அறையில் அந்தக் குமிழின் சத்தம் மட்டும் கேட்டது. முடித்ததும் தாளில் எழுதி டாக்டரிடம் கொடுத்தாள். எடுக்கத்தக்கது 1,612.

நான் இன்னொரு முறை எண்ணச் சொன்னேன். ஏற்கெனவே இரண்டு முறை எண்ணிவிட்டேன் சார் என்றாள். என் முன்னாள் உத்தியோகத்துக்கு ஓர் அவமானம். அவள் எண்ணிக்கை சரியாக இருந்தது. (மெஷின் வந்தால் ஏஞ்சலின் வேலை போய்விடுமே என்று இளகிய வாசகர் கவலைப்பட வேண்டாம். மெஷினுக்கு முன்னால் ஷாம்பூ போட ஆள் வேண்டும்.)

அப்படியானால் குளிப்பாட்டிவிட்டு அளந்தால் போயிற்று, மெஷின் நல்ல மெஷின்தானே என்று நீங்கள் கேட்பீர்கள். இம்மானுவேலும் அதையே கேட்டார். ஆனால் கூடவே இன்னொன்றையும் மெதுவாகச் சொன்னார். பலகையில் போடப்போகும் இலவசத் தலைக்கு இரண்டாயிரத்து ஐந்நூறாவது தேற வேண்டும். அது கம்பெனி விதி. திங்கட்கிழமை வரைபடம் ஏற்கெனவே மெஷினுக்குள் இருக்கிறது. நீங்கள் அந்தக் கோட்டில் 3,056 என்று எழுதினால் வெள்ளிக்கிழமை காலையே தொடங்கிவிடலாம். 1,612 என்று எழுதினால் லோகு தகுதியில்லாத தலை.

டாக்டர் வாயைத் திறந்தார். எடுத்துவிடலாம், முன்னால் நன்றாகத்தான் வரும். ஆனால் இல்லாத இடத்திலும் கை போகும், இருக்கிற இடத்தில் அளவுக்கு மேல் எடுக்கும், பின்மண்டை பூச்சி அரித்த கம்பளிபோல ஆகிவிடும், அப்புறம் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. சொல்லிவிட்டு, மதிப்பீட்டாளர் நீங்கள்தான் சார் என்று படிவத்தை என் பக்கம் நகர்த்தினார். நல்ல டாக்டர். தன் கையில் கறை படாமல் உண்மையைச் சொல்லத் தெரிந்தவர்.

மெஷின் இல்லாமல் கையாலேயே எடுத்து நடும் சிகிச்சைக்குப் பணம் கொடுக்க லோகுவிடம் வசதியில்லை. படிவத்தை வீட்டுக்கு எடுத்துவந்தேன்.

7

வியாழன் சாயங்காலம். மேசைமேல் படிவம், எதிரில் லோகு, தரையில் செண்பகம் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். லோகு உட்காரவில்லை.

"பெரிப்பா, மூவாயிரம்னே எழுதிடு. பின்னால போனா போவுது, யாரு பாக்கப் போறா? முன்னால ஒக்காந்துதான தாலி கட்டப் போறேன்."

 ஐயாயிரம் என்று மாடிப்படியில் சொன்ன வாய் இது. ஐயாயிரத்தை நம்பியவனுக்கு மூவாயிரமாவது கொடுக்க வேண்டாமா? சபதமும் அதையே சொன்னது. பேனாவைத் திறந்து கோட்டின்மேல் '3' என்று எழுதிவிட்டேன்.

செண்பகம் கீரையிலிருந்து தலையைத் தூக்காமலே பேசினாள்.

"டேய் லோகு. உன்னக் கட்டிக்கினு வர்றவ வாய்நாள் பூரா வண்டியில உன் பின்னாடிதான்டா ஒக்காந்துகினு வருவா. நீ மூஞ்சிய ரோட்டப் பாத்து வெச்சிருப்ப. அவ இன்னாத்தப் பாத்துகினு வர்றது?"

லோகுவின் கை தானாகப் பின்னால் போனது. மழித்த மண்டையை மெதுவாக, மேலிருந்து கீழாக ஒருமுறை தடவினான். கேட்டான்.

"அப்ப ஆயிரத்து அறுநூறுதானா பெரிப்பா?"

"அறுநூத்திப் பன்னெண்டுடா."

"அந்தப் பன்னெண்ட வுட்டுடாத."

தர ஆய்வில் ஒரு சட்டம் உண்டு. தப்பாக எழுதிய எண்ணை அழிக்கக் கூடாது, மேலே எழுதி மறைக்கக் கூடாது. ஒரே கோடு போட்டு அடித்து, பக்கத்தில் கையெழுத்து வைத்து, சரியானதை எழுத வேண்டும். தப்பு இன்னது என்று பின்னால் வருகிறவனுக்குத் தெரிய வேண்டும். '3'-ஐ அடித்தேன். சுருக்கொப்பம் வைத்தேன். 1,612 என்று எழுதினேன். இந்தக் கதையில் அடித்ததையெல்லாம் துடைக்காமல் விட்டிருப்பதும் அந்தப் பழக்கத்தால்தான். அதோடு, இதுவரை நான் சொன்ன எண்களில் கூட்டாமல் சொன்னது அது ஒன்றுதான்.

8

முடிவுகள்.

முடிவு அ: நான் மூவாயிரம் என்று எழுதுகிறேன், லோகுவுக்கு முடி வளர்கிறது, வளர்ந்து வளர்ந்து அதில் காக்கை கூடு கட்டி, வனத்துறையிலிருந்து நோட்டீஸ்... இல்லை, '3'-ஐ அடித்தாயிற்று. அடித்தது அடித்ததுதான்.

முடிவு ஆ: நர்மதாவுக்கு முதல் நாளிலிருந்தே எல்லாம் தெரியும். அவள் சிரிக்கிறாள், உங்கள் மனசுதான் எனக்கு... இதன் பக்கத்தில் பென்சில் அழுத்தமாக விழுந்திருக்கிறது: 'உனுக்கு முடி போனப்போ நான் சிரிக்கல. ஒரு வாரம் பேஜாரா இருந்துச்சு. அப்பறம் பழகிப்போச்சு. அந்த ஒரு வாரத்த எழுது.' எழுத வரவில்லை. அந்த வாரம் நான் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தேன், அவளைப் பார்க்கவில்லை.

முடிவு இ, நடந்தது: 1,612-ஐப் பார்த்ததும், இரண்டு வாரம் காத்திராமல் வெள்ளிக்கிழமையே மெஷினை மூட்டைகட்டினார்கள். கரியில்லாத தலைகளைத் தேடி அது வேறு ஊருக்குப் போயிற்று. போகும்முன் கடைசியாக ஒருமுறை, கழுவிய என் தலையை நீட்டினேன். 'பின்மண்டையில் எதுவும் இல்லை. தாடியைப் பரிசீலிக்கவும்' என்றது. நண்பர்கள் இப்படித்தான்.

சனிக்கிழமை லோகு லாரியோடு தேர்வாய் கண்டிகைக்குப் போனான். மஞ்சள் கோட்டுக்கு வெளியிலேயே இறங்கி நின்றான். ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். உச்சி வெயில். நர்மதா ரசீதுப் பலகையோடு உள்ளிருந்து வந்தாள். கோடுவரை வந்து நின்றாள். பார்த்தாள். அவன் ஒருமுறை முழுதாகத் திரும்பி, பின்மண்டையையும் காட்டிவிட்டு மறுபடி அவளைப் பார்த்து நின்றான். அவள் ஒன்று சொன்னாள்.

இவ்வளவும் லோகு சொல்லித்தான் எனக்குத் தெரியும். மாடிப்படியில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டே வந்தவன் அந்த இடத்தில் நிறுத்திவிட்டான். என்னடா சொன்னாள் என்றேன். சட்டையைப் பிடித்தேன். இரண்டாயிரம் முறை கேட்டிருப்பேன். (இது கம்மி. – செ.)

"சொன்னா நீ கூட்டி எழுதுவ பெரிப்பா" என்றான். ஹெல்மெட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மேலே ஏறிப் போய்விட்டான்.

அவன் சொன்னது சரி. ஆகவே அந்த இடத்தில் ஒரு கோடு மட்டும் போட்டிருக்கிறேன். பேனா உங்களிடம் இருக்கிறது. தப்பானால் அழிக்காதீர்கள், ஒரே கோடு போட்டு அடித்துக் கையெழுத்து வையுங்கள்.

நர்மதா சொன்னது: ______________________